காற்றை இறக்க விடவில்லை

“ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாமே” என்கிறார்கள். நடந்ததைக் கேட்கிற எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் சொன்னார், என் மேஸ்திரி சொன்னார், படகை ஒட்டிப் பார்த்த பஞ்சர் கடைக்காரர்கூடக் கையில் பசையோடு அதையே சொன்னார். படகைக் கெடுத்தவர்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நான் சொல்லாத வார்த்தைக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் வரை போனேன், லாரியில் கிளீனராக இருந்தேன், கேரளாவில் காயல் ஓரத்து ஓட்டலில் மீன் கழுவினேன். இப்போது புதுக்கோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் பெயின்ட் அடிக்கிறேன். அந்த ஓட்டலுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரர் காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பம்பால் பத்து நிமிடம் காற்றடிப்பார். பை படகாகிவிடும். இரண்டு முனையிலும் தகடு வைத்த ஒற்றைத் துடுப்பு. தனியாகப் போவார், தனியாகத் திரும்புவார், காற்றை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு நடப்பார். அதன் பெயர் கயாக் என்று சமையல்காரர்தான் சொன்னார். எனக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வாங்குவதற்குள் ஆறு வருடம் போய்விட்டது.

மரப் படகோ ஃபைபர் படகோ எனக்கு ஆகாது. என் அறையில் பாயை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும். வண்டி கிடையாது, பஸ்தான். ஆகவே காற்றடிக்கிற படகு. முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கி ஏமாந்தேன். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாடும் சாமான் அது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீருக்கு அடியில் சீமைக்கருவேல முள் ஒளிந்து கிடக்கும். முதல் நாளே ஏறியது. நீந்திக் கரை சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நிதானமாகத் தேடினேன். லாரித் தார்ப்பாய் மாதிரித் தடித்த பிவிசியாக இருக்க வேண்டும். நீளம் பத்தடி போதும். விலை அதே அளவுதானே என்று இரண்டு பேர் படகை வாங்கித் தனி ஆளாக உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும். எல்லாவற்றையும்விட, காற்று அறைகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: இடது குழாய், வலது குழாய், தரை. ஒன்று போனாலும் மற்ற இரண்டும் ஆளைத் தாங்கும். சென்னையில் ஒருவர் கடலில் இரண்டு தடவை ஓட்டிவிட்டு அலுத்துப்போய் விற்றார். அவருடைய படகின் தரைக்குள் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இழுத்துப் பிடிக்க ஆயிரக்கணக்கில் நூல் கோத்திருந்தது. நன்றாகக் காற்றடித்தால் பலகை போல விறைத்துவிடும்.

பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அவர் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். “தண்ணில இருக்கிற வரைக்கும் பயமில்ல. கரையில வெயில்ல போட்டீங்கன்னா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெடிச்சிடும். கரை ஏறின உடனே கொஞ்சம் காத்த எறக்கிடுங்க. தரையத்தான் முதல்ல எறக்கணும், அதுலதான் அழுத்தம் ஜாஸ்தி.”

இரண்டு மழைக்காலம் அதை மறக்காமல் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். “என்னங்க இது, பந்தலா?” என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். படகு என்று சொன்னால் சிரிப்பார், டிக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டார். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் மாசிவரை ஓட்டலாம். ஆழம் குறைந்த இடத்தில் படகு நேராகப் போக அடியில் மாட்டியிருக்கும் துடுப்புவாலைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பாசி சுற்றிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் கரையை ஒட்டியே திரும்ப வேண்டும். அறைக்கு வந்ததும் மொட்டை மாடியில் நிழலில் காயப்போட வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவுதான் என் சட்டம். எவருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது.

அன்று மாசி மாதம். குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் போய், வழியில் ஓர் ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

“கண்மாயில படகு ஓட்டலாமாங்க?”

“கம்மா ஊருக்குப் பொதுதானே, போங்க.”

இரண்டு மணி நேரம் ஓட்டினேன். தண்ணீர் பாதியாக இறங்கியிருந்தது. நடுவில் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பது மணி இருக்கும், கரையிலிருந்து ஒருவர் கம்பை ஆட்டிக் கூப்பிட்டார். மீன் குத்தகைக்காரர் வைத்திருந்த காவல்காரர். கரையேறியதும் படகை மடைக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் மேடையில் தூக்கி வைக்கச் சொன்னார். வைத்தேன். காற்றை இறக்கக் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

“அண்ணே வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடக்கூடாது.”

அண்ணன் என்றது குத்தகைக்காரரை. அவர் பத்தரைக்குத்தான் பைக்கில் வந்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். வந்ததும் செல்போனில் படகைப் படம் எடுத்தார், என்னையும் எடுத்தார். ஒரு வாரமாக யாரோ இரவில் வலை போட்டு மீனை அள்ளுகிறார்களாம். அது அவருக்கு நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டப்பகலில் ஆரஞ்சு நிறப் படகில் வந்து எவன் திருடுவான்?

“வலை எங்கய்யா?”

“வலை இல்லண்ணே. மீன் பிடிக்க வரல. சும்மா ஓட்ட வந்தேன்.”

“சும்மாவா! புதுக்கோட்டையில இருந்து பஸ் புடிச்சு, பைய தூக்கிக்கிட்டு, சும்மா வந்தியாக்கும்?”

சும்மா என்ற சொல்லை அவரால் நம்ப முடியவில்லை. படகில் துடுப்பும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“சாயந்தரம் ஊர்க்காரவுங்க வருவாங்க, அவங்ககிட்டப் பேசிக்கலாம்” என்றார்.

“சரிங்கண்ணே, இருக்கேன். காத்த மட்டும் இறக்கிக்கிறேன். வெயில்ல வெடிச்சிரும்.”

“காத்த எறக்குனா மடிச்சுப் பையில வச்சிருவ. அப்பறம் துணிமூட்டைம்ப. அது படகாவே இருக்கட்டும்.”

முழுவதும் வேண்டாம், தரையில் மட்டும் கொஞ்சம் என்றேன். முடியாது என்றார். தண்ணீரில் கட்டிப்போடுங்கள் என்றேன். “ஏறி ஓடிருவ” என்றார். ஒரு குடம் தண்ணீராவது ஊற்றுகிறேன் என்றேன். “குளிப்பாட்டி, பொட்டு வச்சு, தாலாட்டும் பாடு” என்றார். காவல்காரர் சிரித்தார். என் துண்டை நனைத்து விரித்தேன். பத்து நிமிடத்தில் அப்பளமாகக் காய்ந்தது. நான் வால்வில் கை வைத்துவிடக் கூடாது என்று காவல்காரரைப் படகின் மேலேயே உட்காரச் சொன்னார் அவர். எழுபது கிலோ ஆள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. மத்தளம் மாதிரிச் சத்தம் வருது” என்று தட்டிக் காட்டினார். அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மத்தளம் மாதிரிச் சத்தம் வரக் கூடாது.

பதினொன்றரைக்குக் குத்தகைக்காரர் ஒரு வழி சொன்னார். மடையை அடுத்துத்தான் ஐயனார் கோயில். “ஐயனார் முன்னாடி நின்னு, மீனுக்குத்தான் வந்தேன், இனிமே வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. படகத் தூக்கிக்கிட்டுப் போயிரு. ஊருக்குக்கூடச் சொல்லல.”

இந்த வார்த்தையைத்தான் எல்லோரும் சொல்லியிருக்கலாமே என்கிறார்கள்.

பதினேழு வயதில் நான் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் செம்புக் கம்பி காணாமல் போனது. “எடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிரு, போலீஸுக்குப் போகல” என்றார் சூப்பர்வைசர். எடுக்காத கம்பியை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த மில்லிலும் அதற்கு அடுத்த மில்லிலும் அந்தச் சொல் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. போர்வெல் வண்டியில் ஏறியது அதனால்தான். சத்தீஸ்கரில் யாருக்கும் தெரியாது.

“அதச் சொல்ல மாட்டேன். நான் மீன் எடுக்கல, எடுக்க வரலன்னு சூடம் ஏத்திச் சத்தியம் பண்றேன். ஐயனார் முன்னாடியே பண்றேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “வெளியூர்க்காரன் சத்தியத்த எங்க ஐயனார் எப்படிய்யா விசாரிப்பாரு? நீ பொய்ச் சத்தியம் பண்ணிட்டுப் பஸ் ஏறிருவ. ஒன்னைய எங்கிட்டுப் போய்த் தேடுவாரு அவரு?”

அந்த நேரம் நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு கரை வழியே வந்த ஓர் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகைக்காரருக்கு அண்ணன் மனைவி முறை.

“ஏன் கொழுந்தனாரே, உண்மையச் சொன்னா ஐயனாரு கேக்க மாட்டாரு, பொய்யச் சொன்னா மட்டும் வெளியூர்க்காரங்கிட்ட வாங்கிக்கிருவாராக்கும்?”

“மதினி, நீங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க.”

“வேல முடிஞ்சுதான் வாரேன். அந்த ஆளு முகத்தப் பாருங்க, புள்ளைக்குக் காச்ச வந்த மாதிரி நிக்கிறாரு. காத்தத்தான் கொஞ்சம் தொறந்து விடச் சொல்லுங்களேன்.”

“ஒரு வார்த்த சொன்னா நானே தொறந்து விடுறேன்.”

நான் சொல்லவில்லை. மேடையில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. படகின் ஓரத்துத் தையலில் பசை வெள்ளையாக இழுபட ஆரம்பித்திருந்தது. சொன்னால் இரண்டு நொடியில் வால்வைத் திறந்துவிடலாம். வாய்வரை வந்தது. செம்புக் கம்பி நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டுக்குப் பிறகு படகின் தரை போனது. வெடி போட்ட சத்தம். நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பின. காவல்காரர் ஒருபக்கமாக உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்து, கோயில் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, “ஐயனார் சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே! தொடக்கூட இல்ல!” என்றார். ஒன்றரை மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆள்.

“சரி விடுப்பா, நீ என்ன பண்ணுவ” என்றார் குத்தகைக்காரர்.

சூடம் இல்லை, விசாரணை இல்லை. அந்தச் சத்தியத்தை உடனே ஏற்றுக்கொண்டார். ஐயனார் காவல்காரரை விசாரித்து முடித்துவிட்டார் போலும். எனக்குக் கோபம் வந்தது. படகுக்காகக்கூட அவ்வளவு வரவில்லை.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எடுத்துக்கிட்டுப் போய்யா” என்றார் குத்தகைக்காரர், என்னைப் பார்க்காமல். “அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முழுசாக் கெடச்சிருக்கும்.”

“போகல. சூடம் குடுங்க.”

“அதான் போகச் சொல்லியாச்சுல்ல?”

“திருடன்னு போகச் சொன்னீங்க. நான் சத்தியம் பண்ணிட்டுப் போறேன். ஒங்க ஐயனாரு கேக்குறாரோ இல்லையோ, நீங்க கேளுங்க.”

அந்த அம்மாதான் கோயிலுக்குள் போய், விளக்கு மாடத்தில் கிடந்த ஒரு கட்டிச் சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவந்து என் கையில் வைத்தார். வாசல் கல்லில் ஏற்றினேன். வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. கையை அதன்மேல் அடித்து அணைத்துவிட்டு, இந்தக் கண்மாயில் ஒரு மீனையும் நான் எடுக்கவில்லை, எடுக்க வரவும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். குத்தகைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கண்மாயைப் பார்த்து நின்றார். ஆனால் போகவில்லை. காதில் விழுந்தது.

பிறகுதான் இரண்டு பக்கக் குழாய்களின் காற்றை இறக்கினேன். அவை பிழைத்துவிட்டன. தனித்தனி அறையாகப் பார்த்து வாங்கியதற்கு அந்த ஒரு பலனாவது கிடைத்தது. மடித்துப் பையில் திணித்து பஸ் ஏறினேன். அந்தக் கண்டக்டரும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

தரையைச் சரிசெய்ய முடியவில்லை. உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. பஞ்சர் கடைக்காரர் ஒட்டிய ஒட்டு நிற்கிறது, ஆனால் காற்றடித்தால் தரை பலகையாக விறைக்காமல் நடுவில் பலூனாகப் புடைக்கிறது. அதற்குக் காற்றே அடிப்பதில்லை. வெட்டிய ஃபோம் மெத்தைத் துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறேன். படகு நடுவில் தொய்ந்து மெதுவாகத்தான் போகிறது. அரை மணி நேரத்தில் மெத்தை நீரைக் குடித்து உட்காரும் இடமெல்லாம் ஈரமாகிவிடுகிறது. ஈரமாகும்போதெல்லாம் அந்த மேடையும், காவல்காரர் கும்பிட்டதும், “சரி விடுப்பா” என்ற குரலும் வந்துவிடும். கோபத்தில் துடுப்பை வேகமாகப் போடுகிறேன். அந்த வேகத்தில்தான் படகு கொஞ்சம் நேராகப் போகிறது.