பின்காம்பராவில் வைத்த ஐந்து பிள்ளைகள்

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைக் கழுவி, ஊட்டி, தூங்கவைத்து, சாயந்திரம் முழுசாகத் திருப்பிக் கொடுக்கிற பெரிய உத்தியோகம். அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கு நடை வரவில்லை. ஒருத்தி கூப்பிட்டால் திரும்பமாட்டாள், இன்னொருத்தி காரணமில்லாமல் வீறிட்டுக் கத்துவாள்.

"இதுக்குப் பயிற்சி இருக்குங்க. அஞ்சு வயசுக்குள்ள செஞ்சாத்தான் நல்லா பலன் தெரியும். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க" என்று கண்டியில் டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். தோட்டத்திலிருந்து கண்டிக்கு மூன்று பஸ் மாற வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று வாரம் போனேன். நாலாவது வாரம் மாத்தளைக்கு முன்னாலேயே மகள் என் மேலும் பக்கத்துச் சீட்டு ஐயா மேலும் வாந்தி எடுத்தாள். அத்தோடு நின்றது.

ஐந்து பிள்ளைகள் கண்டிக்குப் போவதைவிட, பயிற்சி கொடுக்கிற ஒரு மிஸ் வாரம் ஒரு நாள் இரத்தோட்டைக்கு வருவது சுலபம் அல்லவா? அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன். தமிழில் எழுதியதற்குச் சிங்களத்தில் பதில் வந்தது. சிங்களத்தில் எழுதியதற்கு, இது வேறு பிரிவு என்று பதில் வந்தது. அந்த வேறு பிரிவோ, தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்தின் பொறுப்பு என்றது. தோட்டத்துக் கந்தோரில், அதுதான் ஆபீசில், கேட்டால், பிள்ளைகள் அரசாங்கத்தின் பொறுப்பு என்றார்கள். என் மகள் யாருடைய பிள்ளை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் மாத்தளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேவையை நேரில் பார்க்க உத்தியோகத்தர் ஒருவர் வருகிறாராம்.

விசிட் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தோட்டத்துத் தொரை வந்தாலும் சுண்ணாம்பு அடிப்போம், மந்திரி வந்தாலும் சுண்ணாம்பு அடிப்போம். நானும் அடித்தேன். தொட்டில் சீலைகளை அவித்துத் துவைத்தேன். பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, ரிப்பன் கட்டி, சிங்களத்தில் ஒரு வரவேற்புப் பாட்டும் பழக்கினேன். இதைச் செய்ய எனக்கு யாரும் சொல்லவில்லை, அறிவு தானாகவே சுரந்தது.

பிறகு வரிசையைப் பார்த்தேன். கத்துகிறவள் பாட்டைக் கெடுப்பாள். என் மகளுக்கு எச்சில் வடிந்து ரிப்பன் நனைந்திருந்தது. ஐந்து பேரையும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து அறையான பின்காம்பராவில் விட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போகாத ஒரு அக்காவிடம் பிஸ்கட் பக்கற்றைக் கொடுத்து, "சத்தம் வராம பாத்துக்கங்க" என்றேன்.

"இவங்கள பாக்கத்தானே புள்ள வர்றாரு?"

"மொதல்ல நல்லா இருக்கிறதுகள பாக்கட்டும் அக்கா. பொறகு கூட்டிட்டு வருவோம்."

பிறகு என்பது வரவே இல்லை. அவர் பாட்டைக் கேட்டார், கைதட்டினார், தேத்தண்ணி குடித்தார், மழை இருட்டுகிறது என்று ஜீப்பில் ஏறினார். நானும் வாசல்வரை போய்ப் பல்லைக் காட்டிக் கும்பிட்டு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழிந்து பதில் வந்தது. பிள்ளைகள் ஆரோக்கியமாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கிறார்களாம். விசேட சேவைக்குத் தேவை காணப்படவில்லையாம். பொறுப்பாளருக்குப் பாராட்டாம். ஒரு வாரம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தேன். கண் இல்லாத உத்தியோகத்தர், இதயம் இல்லாத கந்தோர் என்று லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பின்காம்பராவில் காவல் இருந்த அந்த அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மகளுக்கு அப்போது நாலு வயது தாண்டிவிட்டது. இனிப் பொறுக்க முடியாது என்று ஐந்து பிள்ளைகளையும், அவர்களின் அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். ஒருத்தி அவருடைய மேசைக்குக் கீழே தவழ்ந்துபோனாள், ஒருத்தி கத்தினாள். அவர் கோப்பைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"அன்றைக்கு இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அவரைக் கிழிப்பதற்கென்றே பஸ்ஸில் வரும்போது சிங்களத்தில் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"நான்தான் சார் ஒளிச்சு வெச்சேன். காட்ட வெக்கமா இருந்திச்சு."

பக்கத்து மேசைக்காரர் அதை மொழிபெயர்த்தார். உத்தியோகத்தர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மறுபடி வந்து பார்த்து எழுதுவதாகவும், இந்த வருஷத்துப் பணம் ஒதுக்கி முடிந்துவிட்டதால் அடுத்த வருஷம்தான் மிஸ் வர முடியும் என்றும் மெதுவாகச் சொன்னார். அடுத்த வருஷம் என் மகளுக்கு ஐந்து தாண்டிவிடும்.

கண்டி டாக்டர் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். இவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நாம் பேசுவதெல்லாம் விளங்குகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்று. என் மடியில் இருந்த மகள் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உத்தியோகத்தர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.