சோளக்காட்டில் கேட்ட மணி

ஒத்தக்கடையைத் தாண்டி, வழிதவறிய பையன்களைத் தங்கவைத்து மாடு வளர்க்கப் பழக்கும் பண்ணையில் நான் காப்பாளர். தலை எண்ணுவதே என் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஒரு தலை குறைந்தது. காணாமல் போனவன், முன்பே ஒருமுறை ஓடிப்போய்க் கிணற்றருகே பிடிபட்டவன்.

சமையல்காரரும் நானும் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தோம். தண்ணீர் அசையவில்லை. அப்போது சோளக்காட்டுக்குள் மாட்டுமணி கேட்டது. பன்னிரண்டு மாடும் தொழுவத்தில்தான் நின்றன, எண்ணிவிட்டேன்.

"அது செத்த மாட்டு மணி சார். நான் வரலை, அதையும் நீங்களே எண்ணிட்டு வாங்க" என்றார் சமையல்காரர்.

தனியாகப் போனேன். போன வாரம் செத்த மாட்டைப் புதைத்த மேட்டில் பையன் உட்கார்ந்திருந்தான். அதன் மணி அவன் கழுத்தில்.

"இனிமே எண்ண வேணாம் சார். எங்க போனாலும் உங்களுக்குக் கேக்கும்."

மணியை அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டு அவனைக் கூட்டி வந்தேன். நடக்க நடக்க அது ஒலித்தது. தொழுவத்து மாடுகள் எல்லாம் தலைதூக்கி என்னைப் பார்த்தன.