நான் குடிக்காத நாலு கிளாஸ்

பேய்க்கதை சொல்ல வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தத் தேதி, எத்தனை மணி? பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும். "அது சரியா ஞாபகமில்லை" என்று இழுப்பார்கள், நான் என் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன். இந்த மாதிரி விஷயங்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நீங்களும் அதே கேள்வியைக் கேட்கலாம். 1992, நவம்பர் மாதம், இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் 1.50. நல்ல வெளிச்சம். நான் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். பஸ் டிக்கெட்டைக்கூட அந்தந்த நாளின் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். என் மனைவி மலர் அதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கலியாணம் கட்டியிருக்க வேண்டியது ஒரு கலண்டரை" என்பாள்.

அந்த வருடம் மலர் ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தின வருடம் ஒரு பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. அதனால் இந்தமுறை அவள் முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். அவள் தன் பங்குக்கு விரதம் இருந்தாள். என் பங்கு, பிள்ளை பிறக்கும்வரை ஒரு சொட்டும் தொடுவதில்லை என்பது. சும்மா வாய்ச்சொல் இல்லை, பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டின் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். சனிக்கிழமைகளில் இரண்டு கிளாஸ் குடித்துப் பழகியவன்தான் நான். ஆனால் கற்பூரத்தில் கை வைத்தபிறகு எனக்கு அதில் நினைப்பே போகவில்லை. இதை நீங்கள் நம்பினால்தான் மிச்சத்தை நம்புவீர்கள்.

பிறகேன் பப்புக்குப் போனாய் என்று கேட்பீர்கள். சரித்திரப் பைத்தியம்தான் காரணம். யுத்தகாலத்தில் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த செக் நாட்டவர்கள் கூடிக் குடித்த பழைய பப்களை நடந்து பார்க்கும் சுற்றுலா ஒன்று இருந்தது. மூன்று மணிநேரம், நாலு பப், நாலிலும் ஒரு கிளாஸ் செக் பியர், எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி. எங்கள் தெருவில் இருக்கும் கணேசண்ணைதான் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். தபால் கந்தோரில் வேலை செய்கிறவர், தாராள மனசு, அதைவிடத் தாராளமான தொண்டை.

"டேய் தம்பி, உனக்குச் சரித்திரம், எனக்குப் பியர்," என்றார். "நீ சத்தியம் பண்ணினனிதானே? உன்ரை நாலு கிளாசையும் நான் பாத்துக்கொள்ளுறன். முருகனுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்."

மலரிடம் கேட்டேன். "போறதுக்கு ஏலும், குடிக்க ஏலாது" என்று அனுமதி தந்தாள்.

1.50க்கு ஹோல்போர்னில் எங்களைக் கூட்டிச்சென்ற வழிகாட்டியின் பெயர் ஹானா. ஐம்பது வயதிருக்கும், குரல் பள்ளிக்கூட அதிபரின் குரல். எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். தன் நாடு இன்னும் சில வாரங்களில் இரண்டாகப் பிரியப்போகிறது என்று சொல்லித்தான் தொடங்கினாள். கணேசண்ணை கையை உயர்த்தினார்.

"சண்டை இல்லாமலோ?"

"சண்டை இல்லாமல்தான். மேசையில் இருந்து பேசி."

அண்ணை அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என் காதில், "உப்பிடியும் ஒரு நாடு இருக்குதெண்டா அதுக்கே ஒரு கிளாஸ் அடிக்கலாம்" என்றார்.

ஹானா ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கடதாசிச் சீட்டுத் தந்தாள். மேலே பெயர். என்னுடையதில் 'நாதன்' என்று எழுதினாள். அவர்கள் ஊரில் பரிமாறுகிறவர் ஒவ்வொரு கிளாசுக்கும் அந்தச் சீட்டில் ஒரு கோடு கீறுவாராம். கிளாஸ் வெறுமையானால் கேட்காமலே அடுத்தது வரும், போதும் என்றால் கிளாசுக்கு அடியில் வைக்கிற பியர் மட்டையை எடுத்து அதன் மேல் மூடவேண்டும். ஐந்தாவது கோட்டை நாலுக்கும் குறுக்காகக் கீறினால் ஒரு கட்டு. "ஆனால் இன்றைக்கு உங்களுக்கு நாலுதான், பேராசைப்படாதீர்கள்" என்றாள். கிளாஸ் காலியானதைப் பார்த்து அவளே நீலப் பென்சிலால் கோடு போடுவாள்.

முதல் பப், 2.05. கிளாஸ் வந்தது. நான் அதை அண்ணையின் பக்கம் தள்ளிவிட்டு, கட்டடம் எந்த ஆண்டு என்று ஹானா சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கிளாஸ் காலி. ஹானா வந்து என் சீட்டில் கோடு போட்டாள். அண்ணை தன் கிளாசை முடித்துவிட்டு என்னுடையதைத் தேடினார்.

"எங்கையடா?"

"நீங்கள்தானே குடிச்சனீங்கள்."

"நானோ? குடிச்சிருந்தா எனக்குத் தெரியாதோ?"

எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். அவருக்கு என்மேல். இரண்டாவது பப், 2.50. அண்ணையை மேசையின் எதிர்ப்பக்கம் இருத்தினேன், கிளாசை நடுவில் வைத்தேன். ஹானா சுவரிலிருந்த ஒரு படத்தைக் காட்டினாள், இரண்டுபேரும் தலையைத் திருப்பினோம். அவ்வளவுதான். கிளாசின் உட்பக்கம் நுரை வளையங்கள் மட்டும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தன.

"நல்ல விரதமடா உன்ரை விரதம்," என்றார் அண்ணை. அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "சத்தியம் எண்டு சொல்லி என்ரை பங்கையும் நீயே குடிக்கிறாய்."

மூன்றாவது பப்பில் நான் என் குறிப்புப் புத்தகத்தையே கிளாசின் மேல் மூடிபோல வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அண்ணையின் இரண்டு கைகளும் மேசைமேல் தெரியும்படி இருக்கவேண்டும் என்று உத்தரவு. அந்த மனிதர் பள்ளிப் பிள்ளைபோலக் கையை விரித்து வைத்திருந்தார். மூன்று நிமிடம் நானே மணிக்கூட்டில் பார்த்தேன். புத்தகத்தை எடுத்தேன். காலி. புத்தகத்தின் அடிமட்டை துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

ஹானா கோடு போட்டுக்கொண்டே, "மிஸ்டர் நாதன் நல்ல குடிகாரர், சத்தமே இல்லை" என்று மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டினாள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

நாலாவது பப் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையின் முடிவில் இருந்தது. 4.20, வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மூலைமேசையில் எங்களை இருத்திவிட்டு ஹானா தன் கடைசிக் கதையைச் சொன்னாள். யுத்தகாலத்தில் ஒரு செக் அச்சுக்கோப்பாளர் சனிக்கிழமை தவறாமல் இந்த மேசைக்கு வருவாராம். ஒரு கிளாஸ் வாங்குவார், முன்னால் வைப்பார், நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார், குடிக்காமல் எழும்பிப் போய்விடுவார். ஊரில் விட்டுவந்த மனைவிக்குக் கொடுத்த வாக்காம், திரும்பி வரும்வரை தொடமாட்டேன் என்று. திரும்பிப் போக அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு குண்டுவீச்சில் இங்கேயே முடிந்துபோனார்.

"பாவம், அந்தாளின்ரை தாகம்," என்றார் அண்ணை.

குனிந்து பார்த்தேன். என் கிளாஸ் காலி.

வீட்டுக்கு 6.10க்கு வந்தேன். மலர் கோட்டை மணந்து பார்த்தாள், பிறகு "ஊதுங்கோ பாப்பம்" என்றாள். ஊதினேன். மணமில்லை. திருப்தியோடு சமையலறைக்குப் போனாள். நடந்ததைச் சாப்பிட்டபின் ஆறுதலாகச் சொல்லலாம் என்றிருந்தேன். 6.25க்குத் தொலைபேசி அடித்தது, மலர் எடுத்தாள். கணேசண்ணை. எட்டுக் கிளாஸ் எதிர்பார்த்துப்போய் நாலோடு திரும்பிய மனிதரின் ஆற்றாமை அந்தக் குரலில் அறை முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி, உன்ரை மனிசனை நம்பாதை. நாலு கிளாசையும் தானே குடிச்சவன். எனக்கு ஒரு சொட்டுத் தரேல்லை!"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தாள். நாலு நீலக் கோடு, மேலே என் பெயர்.

"இது குடிச்ச ஆக்களுக்குத்தானே போடுறது?"

"ஓம். ஆனா நான் குடிக்கேல்லை."

"அப்ப ஆர் குடிச்சது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் புருஷனும் சொல்லக்கூடாத பதில் ஒன்றுண்டு. என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. சொன்னேன். நேரங்களோடு, மேசை வரைபடத்தோடு சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"எனக்குப் பொய் சொன்னாப் பரவாயில்லை. கற்பூரத்திலை கை வைச்சது இதுக்காக. இதுவும் தங்காமல் போனா நான் உங்கடை முகத்திலை முழிப்பனே?"

வால்தம்ஸ்டோவில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போகப் பையை அடுக்கினாள். நான் அந்தச் சீட்டை அன்றைய பக்கத்தில் ஒட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதைப் பார்த்ததும் அவள் பையை அடுக்குவதை நிறுத்தினாள். பொய் சொல்கிறவன் சாட்சியை ஒட்டிவைப்பானா என்று யோசித்திருக்கவேண்டும்.

"சரி," என்றாள். "எனக்குக் காட்டுங்கோ."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் 12.20க்கு என் மனைவி, வாழ்க்கையில் முதல்தடவையாக, சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் கோட்டுக்கு வெளியே வயிறுமாக, ஒரு பப்புக்குள் காலடி வைத்தாள். அதே மூலைமேசை. நான் போய் ஒரு செக் பியர் கேட்டேன். கடைக்காரர் கொண்டுவந்து வைக்கும்போது அவளுடைய வயிற்றைப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மாவுக்கா?"

"நோ," என்றாள் மலர் இங்கிலீஷில். "பார்க்கிறதுக்கு மட்டும்."

பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கப்போகும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. கண் வெட்டவில்லை. சிகரெட் புகைக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், கண்ணைமட்டும் எடுக்கவில்லை. நுரை அடங்கியது. பியர் பியராகவே இருந்தது. 12.45. ஒரு மணி. 1.10. நான் முதல்தடவையாக ஒரு பேய்க்காக முருகனைக் கும்பிட்டேன்.

1.14க்கு அவள் கைப்பையை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "காணும், பாத்தது போதும். என்னை அக்கா வீட்டை விட்டிட்டு, நீங்கள் உங்கடை கலண்டரோடை இருங்கோ."

எழும்பப் போனவள் "ஆ" என்று திரும்ப இருந்துவிட்டாள். பிள்ளை உதைத்தது. கோட்டுக்கு மேலாலேயே தெரிந்தது. நான் பதறிப்போய் வயிற்றில் கை வைத்தேன், அவள் என் கையின் மேல் கை வைத்தாள். இன்னொரு உதை. இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பத்து வினாடி இருக்கும்.

திரும்பினோம். கிளாஸ் காலி. உட்பக்கத்தில் நுரை மெதுவாகக் கீழே வழிந்துகொண்டிருந்தது.

மலர் கிளாசைத் தூக்கி அடியில் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"உங்கடை கை எங்கை இருந்தது?"

"உம்மடை வயித்திலை."

"இரண்டுமோ?"

"இரண்டும்."

அவள் மேசையிலிருந்த பியர் மட்டையை எடுத்துக் கிளாசின் வாயை மூடினாள். ஹானா சொன்ன வழக்கத்தையும் அந்த அச்சுக்கோப்பாளரின் கதையையும் நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பிறகு எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்து, எங்கள் வீட்டுக்கு வந்து நேரம்போவது தெரியாமல் இருக்கும் உறவுக்காரருக்குச் சொல்வதுபோலவே, நல்ல தமிழில் சொன்னாள்:

"காணும் அண்ணை. இனி வீட்டை போங்கோ. ஊரிலை அக்கா உங்களைப் பாத்துக்கொண்டிருப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. தமக்கை வீட்டைப் பற்றியும் இல்லை. ஜனவரியில் மகள் பிறந்தாள், மூன்று கிலோ இருநூறு கிராம், விடியக்காலை 5.40. கணேசண்ணை மட்டும் இன்றுவரை எதையும் நம்பவில்லை. என்னைக் கண்டால் அந்த நாலு கிளாசைத்தான் கேட்பார்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ மனமயக்கம் என்று நானே உங்களோடு சேர்ந்து சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை பப்பிலிருந்து பிளேஸ்டோவுக்கு 3.05க்குத் திரும்பியதும், வழக்கம்போல எல்லாவற்றையும் எழுத நாட்குறிப்பை எடுத்தேன். அது அலுமாரியில் பூட்டியிருந்தது, திறப்பு என் பையில். முந்தின வாரத்துப் பக்கத்தைப் புரட்டினேன். ஒட்டிய சீட்டில் நாலு நீலக் கோடுகளுக்கும் குறுக்கே, சரிவாக, ஐந்தாவது ஒரு நீலக் கோடு இருந்தது.

எங்கள் வீட்டில் நீலப் பென்சில் இல்லை. மலரிடம் காட்டினேன். "நீங்கள்தானே கீறினது?" என்றாள். நான் அதையே அவளிடம் கேட்க இருந்தேன். இத்தனை வருடத்தில் இரண்டு மூன்று தடவை திரும்பவும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "எனக்கு வேறை வேலை இல்லையே" என்பாள். அவளும் சிலவேளை, சோறு பரிமாறும்போது, ஒன்றும் இல்லாததுபோல என்னைக் கேட்பாள்.

எங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்றால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். நான் கீறவில்லை.