கம்பளம் விரித்த பாலம்

உங்கள் அப்பாவுக்கு மேடை என்றால் ஒரு பலவீனம். உங்கள் அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானே எழுதி வைத்துவிட்டால் அவளுக்கு வாய்வலி மிச்சம். நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். ஆனால் கோவில் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு, பொன்னாடை யாருக்கு, எந்த நாற்காலிக்கு வெள்ளைத் துணி போடவேண்டும் என்று கேட்டால் நான் பட்டதாரி. அந்தப் பட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

கிள்ளானில் அந்தப் புயல் அடித்தபோது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். சாயங்காலம் காற்று வந்தது, பின்னாலேயே மழை வந்தது, அதற்குப் பின்னால் வெள்ளம். நம் வீட்டுக் கூரைத் தகடு ஒன்று பறந்துபோய் மூலை வீட்டு அண்ணன் காரின் மேல் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தா தம்பி, உன் சாமான். அடுத்த தடவ போன் பண்ணிட்டு அனுப்பு," என்றார். அவர் வாய் அப்படி.

தகடு போனால் போகட்டும். நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகாலின் மேல் ஒரு நடைபாலம் இருந்ததல்லவா, வெள்ளத்தில் வந்த மரம் ஒன்று அதை இடித்துவிட்டது. இரண்டு முனையும் அப்படியே நிற்க, நடுத்துண்டு மட்டும் தண்ணீருக்குள் போய்விட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ் நிற்கும். உங்கள் அம்மா விடிவதற்கு முன்பே அதில் ஏறவேண்டும். பாலம் இல்லையென்றால் துறைமுகச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. கொண்டெய்னர் லோரிகள் உரசிக்கொண்டு போகும். எனக்கோ பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இரவு வேலை. நான் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேரும்போது அவள் பஸ் போயிருக்கும். ஆகவே அந்த இருட்டில் அவள் தனியாகத்தான் நடந்தாள்.

அப்போதுதான், புயலில் சேதமான பாலம், வடிகால், சாலை எல்லாவற்றையும் பழுதுபார்க்க அரசாங்கம் ஒதுக்கீடு தருகிறது என்ற செய்தி வந்தது. நாம் வைபி என்று கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினரும் நகராண்மைக் கழகப் பொறியாளரும் ஒவ்வோர் இடமாக வந்து பார்ப்பார்கள். சேதம் அதிகமான இடத்துக்கு முதலில் வேலை. குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் நான். வேறு யாரும் கை தூக்காத காரணத்தால் கிடைத்த பதவி அது.

வைபி வருகிறார் என்றதும் எனக்குள் இருந்த திருவிழாக்காரன் எழுந்து துண்டை உதறினான். கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் சுத்தம் செய்வோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். ஆட்கள் வந்தார்கள். குப்பையை வாரினோம், சேற்றைக் கழுவினோம், மிச்சமிருந்த கைப்பிடிக்கு மஞ்சள் சாயம் அடித்தோம். விருந்தாளி ஓட்டைக்கு முன்னால் நிற்பதா என்று, கோவில் மேடைப் பலகைகளை இரவல் வாங்கி வந்து நடுவில் போட்டேன். பண்டகசாலையில் சரக்கைக் கட்டுகிற கட்டு போட்டு இறுக்கினேன். யானை நடந்தாலும் அசையாது. அதன் மேல் கோவிலின் சிவப்புக் கம்பளம். கைப்பிடி உடைந்துபோன இடத்தை மறைக்க இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். மேலே மாவிலைத் தோரணம்.

அம்மா துணி காயப்போட வந்தவள் வாளியோடு அப்படியே நின்றாள்.

"என்னங்க இது? உடைஞ்சத பாக்கத்தான வராங்க? அத எதுக்கு மூடி வைக்கிறீங்க?"

"உனக்கு புரோட்டகால் தெரியாது லா. வீட்டுக்கு மனுசன் வந்தா கிழிஞ்ச பாயையா போடுவ?"

"பாய் தைக்கிறவன் வந்தா கிழிஞ்ச பாயத்தான் போடணும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் தோரணத்தை நேராக்கினேன்.

வைபி வந்தார். மேளம் மட்டும்தான் இல்லை. மாலை போட்டேன், பொன்னாடை போர்த்தினேன். அவர் கம்பளத்தின் மேல் கையசைத்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். பின்னால் பொறியாளர். குள்ளமான மலாய்க்காரப் பெண்மணி, காலில் ரப்பர் பூட்ஸ். கம்பளத்தின் நடுவில் நின்று காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். என் கட்டு அசையவில்லை. எனக்கு என்ன பெருமை தெரியுமா!

"ஓக்கே?" என்று வைபி கேட்டார்.

"பகூஸ்," என்றார் அவர். நல்லா இருக்கிறதாம்.

அதைக் கேட்ட பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்ததுதான், வரவேற்புரையில் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் உரையில் பாலம் கடைசிப் பத்தி. முன்னிலை வகிப்பவர், வருகை புரிந்தவர், வர இயலாதவர் என்று ஒவ்வொருவராக வணங்கி முடிப்பதற்குள் வடை வந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்ட வைபி, அரசாங்கத்துக்காகக் காத்திராமல் தங்கள் கையாலேயே பாலத்தைச் சீர்செய்துகொண்ட தாமான் மக்களை மனதாரப் பாராட்டினார். முதலில் கை தட்டியவன் நான்.

கம்பளத்தைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்று ஓடினேன். எல்லாரும் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் நடுவில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

கொஞ்ச நாள் அம்மா அந்தப் பலகை மேல் நடந்தே பஸ் ஏறினாள். பிறகு கோவிலில் திருவிழா வந்தது. பலகைகளையும் கம்பளத்தையும் திருப்பிக் கொடுத்தேன். வாழைக்குலையை மூலை வீட்டு அண்ணன் பழுக்க வைத்தார். அதற்குள் ஒதுக்கீட்டு முடிவும் வந்தது. பக்கத்துத் தாமானில், சேற்றில் நின்றபடியே வைபியை வரவேற்றார்களே, அவர்களுக்குப் புது வடிகாலும் சாலையும். நம் பாலம் நல்ல நிலையில் இருப்பதால் நமக்கு அழகுபடுத்தும் திட்டத்தில் பூச்சாடிகள். பாலத்தின் இரண்டு பக்கமும் வைப்பதற்கு.

மூலை வீட்டு அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "கவலப்படாத தம்பி. சாடிய வரிசையா தண்ணிக்குள்ள கவுத்து வச்சா, மேல கால் வச்சே தாண்டிரலாம்."

அம்மா மறுபடியும் துறைமுகச் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வீட்டிலேயே இருந்தாள். லோரி ஒன்று அருகில் போன வேகத்தில் நிலைதடுமாறி ஓரத்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். முழங்கால் தோல் உரிந்திருந்தது. சோற்று டப்பா நசுங்கிப் போயிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, "பஸ்ஸ விட்டுட்டேன்," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நகராண்மைக் கழகத்தின் புகார் முகப்புக்குப் போனேன். பாலம் உடைந்திருக்கிறது என்றேன். படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கைபேசியைத் திறந்தேன். தோரணத்தோடு ஒன்று, வைபியோடு ஒன்று, கம்பளத்தின் மேல் நான் சிரித்தபடி ஒன்று. முகப்பில் இருந்த பெண், "அழகாகத்தானே இருக்கிறது, அங்கிள்," என்றாள். அசடு வழியத் திரும்பி வந்து, புதிதாகப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு படமும் ஒரே பாலம் என்று யார் நம்புவார்?

பிறகு ஒரு சாயங்காலம் பூச்சாடிகள் லோரியில் வந்தன. கூடவே அதே பொறியாளர். சாடிகளைப் பாலத்தில் வைத்ததற்குப் படம் எடுத்துப்போக வந்தாராம். ஆட்கள் சாடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், போன வேகத்தில் நின்றார்கள். அவர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மிதித்துப் பார்த்த பாலம் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"கோவிலில் இருக்கிறது, புவான்," என்று பணிவாகச் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பலகை, கம்பளம், வாழைமரம் எல்லாக் கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, கேட்பவரைவிட எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. பேச்சோடு பேச்சாக என் கை சும்மா இருக்காமல், அங்கே கிடந்த காய்ந்த மட்டையையும் நெகிழிப் பையையும் பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

"தொடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் மட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். "ஒன்றையும் சுத்தம் செய்யாதீங்க. நான் படம் எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வந்து நின்றது. உங்கள் அம்மா இறங்கினாள். வடிகாலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்பதைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்தாள்.

"அவங்க ஏன் அந்தப் பக்கம் போறாங்க?" என்று பொறியாளர் கேட்டார்.

"என் மனைவி, புவான். வீட்டுக்கு வராங்க."

அவர் படம் எடுத்து முடித்த பிறகும் வண்டியில் ஏறவில்லை. சாடிகளோடு நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். மழை தூற ஆரம்பித்தது. நாற்காலி கொண்டு வரட்டுமா என்று வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனை அதுதான்.

அம்மா வந்து சேர்ந்தபோது செருப்பு கையில் இருந்தது. பாவாடை ஓரமெல்லாம் சேறு.

"தினமுமா?" என்று பொறியாளர் கேட்டார்.

"தினமும்தான், புவான். மழை பெஞ்சா கொஞ்சம் லேட்டாவும்," என்று அம்மா அவளுக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். பிறகு பூச்சாடிகளைப் பார்த்தாள். என்னிடம் திரும்பி, தமிழில் கேட்டாள்: "இதுக்கெல்லாம் தண்ணி யாரு ஊத்துறது? நீங்களா?"

நான்தான் ஊற்றினேன். இன்றும் நான்தான்.

பொறியாளர் தன் பழைய அறிக்கையை மாற்றி எழுதினார். அடுத்த ஒதுக்கீட்டில் பாலத்துக்கு அனுமதி வந்தது. பழையதைவிட அகலமான பாலம், விளக்குக் கம்பத்தோடு. அதைத் திறந்து வைக்க வைபி வருவதாகச் சொன்னபோது, சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் நான் எதையும் தொடக்கூடாது என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் ரிப்பன் கட்டும் வேலை மட்டும் கிடைத்தது. அதை முதல்நாள் மாலையே அழகாகக் கட்டி, நடுவில் ஒரு பூ முடிச்சும் போட்டேன்.

திறப்பு விழா அன்று எனக்கு விடுமுறை. விடிவதற்கு முன்பு அம்மாவோடு பாலம் வரை நானும் போனேன். விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறு லா," என்றேன். "வைபி வந்து வெட்டாம யாரும் போகக்கூடாது. புரோட்டகால்."

"வைபிக்கு பஸ் இல்ல," என்றாள் உங்கள் அம்மா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சேலை கட்டியிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேலைக்கு அவள் ஒருநாளும் சேலை கட்டியதில்லை.

நான் ரிப்பனை, முடிச்சு கலையாமல், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அவள் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.