சங்குச் சத்தத்துக்குள் ஒரு தகரக் குழல்

எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கல்கத்தாவில் எல்லோரும் கூப்பிட்டதுபோல ஒருணா பாபு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அருணாசலம் என்பது வங்காளிகள் வாயில் அப்படித்தான் வந்து நின்றது. பார்த்தீர்களா, கடைசியில் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் அவர் கிளார்க். சீட்டு கிடையாது, சிகரெட் கிடையாது, நண்பர்களோடு ஊர் சுற்றுவது கிடையாது. "நீ கொடுத்து வச்சவ சௌந்தரம்" என்று லேக் மார்க்கெட்டில் பார்க்கிற நம்மூர்ப் பெண்களெல்லாம் சொல்வார்கள். வாயில்லாப் பூச்சியோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தானே தெரியும். நான் கதை சொன்னாலும் "உம்", சண்டை போட்டாலும் "உம்". சுவரோடு சண்டை போட்டால் கையாவது வலிக்கும்.

எழுபதுகளின் நடுவில், தினமும் கரண்டு போய்க்கொண்டிருந்த காலம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் கிதிர்பூரில் ஒரு டார்ச் வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கப்பலில் வந்து இறங்கிய சாமான்களை அங்கே நடைபாதையிலேயே பரப்பி விற்பார்கள். மனுஷர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குமேல் ஒரு தகரக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டார்ச் எங்கேங்க?"

"இது கிடைச்சுது."

"இது எரியுமா?"

"ஊதணும்" என்றார்.

ஆறு ஓட்டை, வாய் வைக்கும் இடத்தில் நீல பிளாஸ்டிக். நம் புல்லாங்குழல்போலக் குறுக்கே பிடிக்கிறதில்லை. நாயனம்போல நேரே வாயில் வைத்து ஊத வேண்டும். அதற்கு டின் விசில் என்று பேர், அயர்லாந்துக்காரர்கள் வாசிப்பது என்று ஆபீஸில் ஓர் ஆங்கிலோ இந்தியர் சொன்னாராம். அவ்வளவுதான் இவருக்குக் கிடைத்த பாடம். மீதியெல்லாம் கேள்வி ஞானம். முதல் மாதம் அது பிரேக் போட்ட சைக்கிள்போலக் கிறீச்சிட்டது. பிறகு மெல்ல மெல்ல ச ரி க என்று மனுஷ பாஷை பேச ஆரம்பித்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் காப்பியைக்கூட மறந்துவிட்டு உள் அறைக்குப் போய்விடுவார். எச்சிலை உதறி, துணியால் துடைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிறதுபோல அவ்வளவு பதமாக வைத்துக்கொள்வார். இருக்கட்டும், ஒரு ஆசை என்று விட்டுவிட்டேன்.

சிக்கல் வீட்டில் இருந்தது. லேக் கார்டன்ஸில் மாடியில் நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த அம்மாளை மாஷிமா என்போம், நம்மூரில் பெரியம்மா என்கிறதுபோல. அவர் என்னை பௌமா என்பார், மருமகளே என்கிறதுபோல. அவர் கணவர் மேஷோவுக்கு நெஞ்சு நோய், பாதி நாள் படுக்கையில். முன்பு குடியிருந்தவர்கள் ரேடியோவை அலறவிட்டதால் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். "மதராஸிகள் சத்தம் போடாதவர்கள்" என்ற ஒரே காரணத்துக்காகத்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. எப்படிப்பட்ட வீடு தெரியுமா? நாளெல்லாம் தண்ணீர், தெற்கு பார்த்த பால்கனி, எங்கள் பெண் வனஜாவுக்கு நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம். அந்த வீட்டில் நான் ராணி மாதிரி இருந்தேன்.

அந்தக் குழலோ ஒரு பிடிவாதக் குழல். மெல்ல ஊதினால் கீழ் ஸ்தாயி பேசும். அதே விரலை அதே ஓட்டையில் வைத்துப் பலமாக ஊதினால்தான் மேல் ஸ்தாயி வரும். மெதுவாக மேலே போகவே முடியாது. இவர் மோகன ராகத்தில் தானாகவே ஒரு சின்ன மெட்டு கட்டியிருந்தார். அது ஏறி ஏறி உச்சிப் படிக்கு வரும், அங்கே மூச்சை விழுங்கிக்கொண்டு நிறுத்திவிடுவார். தும்மல் வந்து நின்றுபோனால் எப்படி இருக்கும், எனக்கு அப்படி இருக்கும். பஞ்சு அடைத்துப் பார்த்தார், போர்வைக்குள் ஊதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஏரிக்கரைக்கு ஒருநாள் எடுத்துப் போனார். நாலு பேர் கூடி நின்றதும் வாய் உலர்ந்து திரும்பி வந்துவிட்டார்.

அப்புறம்தான் சங்கு வந்தது. வங்காளி வீடுகளில் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றிச் சங்கு ஊதுவார்கள். மாஷிமாவும் சிவப்புக் கரைப் புடவையில் துளசிக்கு முன்னால் நின்று ஊதுவார். தெருவில் எல்லா வீட்டிலும் அதே நேரத்தில் சங்கு. அந்தச் சத்தத்துக்குள் யார் என்ன ஊதினாலும் வெளியே தெரியாது என்று எங்கள் வீட்டு மகாமேதை கண்டுபிடித்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் உள் அறையில் குழலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நிற்பார். சங்கு தொடங்கியதும் மேல் பாதியை ஊதுவார், சங்கு ஓய்ந்ததும் நிறுத்திவிடுவார். மற்ற வீடுகளில் மூன்று தரத்தோடு நின்றுவிடும். மாஷிமா மட்டும் நீளநீளமாக ஐந்து தரம் ஊதுவார். புருஷன் உடம்புக்காக வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே கீழ் பாதி கதவுக்குள், மேல் பாதி சங்குக்குள். இரண்டும் சேர்ந்து ஒருநாளும் வரவில்லை.

"முழுசா ஒருதரம் ஊதித்தான் காட்டுங்களேன்" என்றேன் ஒருநாள், எரிச்சலில்.

"இந்த வீட்ல முடியாது."

"அப்ப வேற வீடு பாக்கலாமா?" கிண்டலாகத்தான் கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார்.

"ஒரு தகரக் குழாய்க்காகவா? தண்ணி, பள்ளிக்கூடம் எல்லாத்தையும் விட்டுட்டா?"

"சௌந்தரம், ஆபீஸ்லயும் மெதுவா, வீட்லயும் மெதுவாவே இருந்துட்டேன். ஒருதரம் நல்லா மூச்சு விட்டு ஊதணும்போல இருக்கு" என்றார். கல்யாணமாகி அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டாலிகஞ்சில் ஒதுக்குப்புறமாக ஒரு வீடு இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. வாரம் முழுக்க நான் பாத்திரங்களோடு சண்டை போட்டேன்.

அந்த ஞாயிறு காலை. தெருமுனைத் தள்ளுவண்டியில் வனஜாவோடு கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தராசு தானாக ஆடியது. காய்கள் உருண்டு விழுந்தன. வண்டிக்காரர் "பூமிகொம்போ" என்று கத்தினார். பூகம்பம். எல்லா வீட்டிலிருந்தும் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். வந்த பெண்கள் எல்லோர் கையிலும் சங்கு. பூமி ஆடினால் இங்கே சங்கு ஊதுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மாஷிமா ஒரு கையால் மேஷோவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊதிக்கொண்டிருந்தார். எல்லோரும் வந்தாயிற்று, என் வீட்டுக்காரரை மட்டும் காணோம். "என்னங்க, கீழே வாங்க" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். அத்தனை சங்குக்கு நடுவில் என் குரல் எடுபடவில்லை. வனஜாவும் அப்பாவை "பாபா, பாபா" என்று பெங்காலியில் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டம் நின்றது. சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தெருவே மூச்சுக் காட்டாமல் நின்றது. அப்போது மாடியிலிருந்து குழல் கேட்டது.

பக்கத்து ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி போனாலே ஆடுகிற வீடு அது. வண்டிதான் போகிறது என்று இருந்திருக்கிறார். காலை வேளையில் சங்கு கேட்டதும், வருஷத்தில் முந்நூறு பூஜை நடக்கிற ஊரில் இது ஏதோ ஒரு பூஜை, நமக்கு லாபம் என்று குழலை எடுத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஊதிய மனுஷருக்குச் சங்கு நின்றதே தெரியவில்லை. மெட்டு அடியிலிருந்து புறப்பட்டு, ஏறி, வழக்கமாக நிற்கிற படியைத் தாண்டி உச்சிக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, நிதானமாக இறங்கி வந்தது. பாவி மனுஷா, உயிரோடுதான் இருக்கிறாயா என்று முதலில் நிம்மதி. அடுத்து, வீடு போச்சு என்று பயம். அதற்குப் பிறகு இரண்டும் மறந்துபோய்க் கேட்டுக்கொண்டே நின்றேன். அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

முடித்துவிட்டுக் குழலும் கையுமாகப் பால்கனிக்கு வந்தார். தெருவே அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "இன்னிக்கு என்ன பூஜை?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நான் மாஷிமாவிடம் ஓடினேன். "தப்பா நினைச்சுக்காதீங்க மாஷிமா. நாங்க வேற வீடு பாத்துட்டோம், சீக்கிரமே போயிடறோம்."

"எதுக்குப் போகணும்?" என்றார் அவர். அவர் பெங்காலியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

மேஷோ பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். "அப்பாடா, இன்னிக்கு முடிச்சுட்டார்" என்றார்.

"தினமும் இவருக்கு அதே கவலை" என்றார் மாஷிமா. "படுக்கையில இருந்துகிட்டு, 'பாவம், இன்னிக்கும் பாதியிலயே நிறுத்திட்டாரே'ன்னு சொல்லுவார். சங்கு மூணுதரம் ஊதினாப் போதும் பௌமா. நான் அஞ்சுதரம் யாருக்காக ஊதினேன்னு நினைச்சே?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஒளிச்சு ஊதற மனுஷன்கிட்ட, கேக்குதுன்னு சொன்னா நிறுத்திடுவாரே." சங்கை முந்தானையால் துடைத்தார். "எனக்கும் வயசாச்சு, மூச்சு வாங்குது. இன்னிலேர்ந்து நான் மூணோட நிறுத்திக்கறேன். மீதியை ஒருணா பாபுவே ஊதட்டும்."

அன்று சாயங்காலம் சொன்னபடியே மூன்று தரத்தோடு சங்கு நின்றது. மற்ற வீடுகளிலும் ஓய்ந்தது. கீழே மேஷோவின் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. இங்கே இவர் குழலை வாயருகில் வைத்துக்கொண்டு மரம்போல நிற்கிறார். வாய் உலர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியாதா? ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினேன்.

"டாலிகஞ்ச் போறீங்களா, ஊதறீங்களா?" என்றேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, பால்கனிக்குப் போய் ஊதினார்.