பதினேழாம் வண்டி

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டு வெடிக்காரருக்கு நடந்தது. சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றத் தெரியாத மனிதர். நல்ல சீட்டு வந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவர் கதை கட்டுகிறார் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பாக்சைட் சுரங்கத்தில் பாறையைத் துளைத்து வெடி வைப்பது அவர் வேலை. அந்தச் சுரங்கத்துக்கு இதுவரை மூன்று முதலாளிகள். முதல் கம்பெனி மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தது. அதை வாங்கியவர்கள் பச்சை. இப்போது இருப்பவர்கள் நீலம். மண் மட்டும் அதே சிவப்பு. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் லாரிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, புது நம்பர் போட்டுவிடுவார்கள்.

அவருடைய அண்ணன் முதல் கம்பெனியில் லாரி ஓட்டியவர். பதினேழாம் வண்டி. கம்பெனி கைமாறிய அன்று வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வண்டியையும் காணோம். புது முதலாளியிடம் சேர்ந்திருப்பார் என்று விற்றவர்கள் சொன்னார்கள். பழைய ஆட்களோடு கிளம்பியிருப்பார் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். எவளோடோ ஓடிவிட்டான் என்று அக்கம்பக்கம் சொன்னது. அண்ணி பதினோரு வருடம் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார். ஆத்திரத்தில் கணவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தரை துடைத்தார்.

முதல் கம்பெனி போகிற போக்கில் மண் போட்டு மூடிய குழி ஒன்று இருந்தது. போன மாதம் அதை மறுபடி திறக்க ஏற்பாடு நடந்தது.

பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். வெடிக்கு முன், குழிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று வெடிக்காரர் வாக்கிடாக்கியில் கேட்பார். ஒவ்வொரு டிரைவரும் தன் வண்டி நம்பரைச் சொல்லி, "வெளியே" என்பார். ஒரே ஒரு குரல் "உள்ளே" என்று வந்தாலும் பொத்தானைத் தொடக்கூடாது.

மொத்தம் ஒன்பது லாரி, ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர். ஒன்பதும் சொல்லியாயிற்று.

கர்ர்ர்...

"பதினேழு... உள்ளே."

வெடிக்காரர் கையை எடுத்துவிட்டார். ஆள் விட்டுத் தேடினார்கள். குழியில் ஈ காக்கை இல்லை.

"எவனோ விளையாடுறான். நீங்க வெடிங்க," என்றார் மேனேஜர்.

"உள்ளேன்னு குரல் வந்தா வெடிக்க மாட்டேன் சார்."

"நாளைக்கும் இதே பாட்டுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மறுநாள். அதே மூன்று மணி. ஒன்பது பேரும் வெளியே.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

கர்ர்ர்...

"பதினேழு... உள்ளேதான் இருக்கேன், சின்னவனே."

வெடிக்காரரைச் 'சின்னவனே' என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

வெடிக்காரர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணே..."

மூச்சு விடும் சத்தம் மட்டும்...

வாக்கிடாக்கியை மேனேஜர் கையில் கொடுத்தார். "என் வேலை போனாலும் சரி. முதல்ல இந்த இடத்தைத் தோண்டுங்க."

மேனேஜர் முகத்தில் ரத்தமே இல்லை. பொக்லைனை வரச் சொன்னார்.

வாளியில் தட்டுப்பட்டது மஞ்சள் தகடு.

பிறகு ஒரு கதவு.

கதவில் 17.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் எலும்பாக உட்கார்ந்திருந்தார். மஞ்சள் ஹெல்மெட் கழன்று மடியில் கிடந்தது. மூடி ஒப்படைக்கிற அவசரத்தில், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேலிருந்து மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள்.

அண்ணி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"அப்ப எங்கேயும் போகலையா இவர்... போட்டு அனுப்ப ஒரு சட்டைகூட மிச்சம் வைக்கலையே நான்."

வெடிக்காரர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

ஒரு விஷயம் அன்று யாருக்கும் புரியவில்லை. அண்ணனின் வலது கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்களுக்குள் ஒரு குச்சி. குச்சி நுனியில் துளி சிவப்புத் துணி.

முதல் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர் துக்கம் விசாரிக்க வந்தபோதுதான் அது தெரிந்தது.

"வாக்கிடாக்கியா? அதெல்லாம் பச்சை ஹெல்மெட்காரங்க கொண்டுவந்தது. எங்க காலத்துல உள்ளே இருக்கிற டிரைவர் சிவப்புக் கொடியை வெளியே நீட்டணும், அவ்வளவுதான். உங்க அண்ணன் அந்த மெஷினைக் கண்ணால பார்த்ததுகூடக் கிடையாது."