சந்தனம் வைத்து அடைத்த ஆகாயம்

கருகிய மண்ணில் வெல்லப்பாகு கலந்தால் ஒரு வாசனை வரும், தெரியுமா? என் முதல் வேலையின் வாசனை அது...

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரி. மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை அதற்குள் ஊற்றி, தண்ணீர் பம்ப்புக்கு உடம்பு செய்கிற இடம். டிப்ளமோ முடித்த கையோடு, திருமுல்லைவாயிலில் ரயிலேறி குவாலிட்டி டிரெய்னியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அப்பா வேலை பார்த்த கம்பெனியை அப்போதுதான் மூடியிருந்தார்கள். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். ஆயுதபூஜை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி சொல்வதாக இருந்தது. அந்த பயத்தில் நான் கொஞ்சம் ஓவராகத்தான் ஆடினேன்.

பூஜை அன்று, "நாலு வார்த்தை பேசும்மா" என்றார் முதலாளி. விடுவேனா? பஞ்சபூதங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம தொழிலே பஞ்சபூதம்தான். அச்சுக்கு மண், அதைப் பிசையத் தண்ணி, உலைக்கு நெருப்பு, ஊதிவிடக் காத்து..."

"நாலுதான ஆச்சு. அஞ்சாவது எங்க கீது மேடம்?"

கேட்டது தேவகி. கள்ளிக்குப்பத்துப் பெண், என் வயதுதான். பம்ப்பின் உள்ளே குடைவாக வருவதற்காக அச்சுக்குள் ஒரு மண் உருளை வைப்போம், கோர் என்போம். வெல்லப்பாகில் மண்ணைக் குழைத்து அதைச் செய்பவள் அவள். அந்த வெல்லப்பாகு வாசனை எப்போதும் அவள் கையில் இருக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பதில் தெரியாது. கையைத் தூக்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காட்டினேன். "ஆகாயம் எங்க இருக்கும்? மேலதான். இதுகூடத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்டியா மேடம்" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளே ஒரே பெருமை. சே...

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் ஊற்று. அச்சுகள் வரிசையாகத் தயாராக இருந்தன. ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு அச்சுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. அச்சின் தலையில், நடுவாக, பென்சில் தடிமனில் ஓர் ஓட்டை இருந்தது. பொட்டு வைக்கவே விட்டது போல அழகாக இருந்ததா... ஒன்று விடாமல் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டே போனேன்.

இரும்பின் சூடு பட்டதும் கோரிலிருந்து கிளம்பும் புகை வெளியேறும் வழி அது. பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! கையில் சந்தனக் கிண்ணம் இருந்தபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

உலை திறந்தார்கள். கொதிக்கிற இரும்போடு இரண்டு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் அச்சின் மேல் சாய்க்கப் போகும்போது, சுண்டல் வாங்க வந்த தேவகி கத்தினாள்.

"அண்ணாத்தே, ஊத்தாத! ஓட்ட பூரா அடச்சிக்கினு கீது பாரு! உள்ள கீற காத்து எப்டி வெளிய பூடும்? மூஞ்சிலயே அடிக்கும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளோ தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டு அச்சுகளுக்கு நடுவே பாய்ந்தாள். "குத்தாதீங்க, உள்ள உழுந்தா அதுவும் போச்சு. நோண்டி எடுங்க!" கோர் செய்யும் பெண்கள் ஐந்தாறு பேர் ஊசியோடு குனிந்தார்கள். நானும் நகத்தால் நோண்டினேன். இரும்பு ஆறுவதற்குள் கடைசி ஓட்டையும் திறந்தது. ஊற்றினார்கள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் நீலமாகச் சின்னச் சுடர் எழுந்தது. அவ்வளவு அழகை நான் அதற்கு முன்னால் கவனித்ததே இல்லை.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எவன் வெச்சது இந்தப் பொட்ட?"

கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன். என் கை முழுக்கச் சந்தனம். போச்சு, வேலை போச்சு என்றே நினைத்தேன்.

தேவகி என் கையைப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணில் படாமல் சந்தனக் கிண்ணத்தில் தன் கையை விட்டு எடுத்து அவரிடம் நீட்டினாள். "எல்லாரும் சேந்துதான் சார் வெச்சோம். சாமி காரியம்ல, அவசரத்துல கெவனிக்கல." மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். அத்தனை பேரை என்ன செய்வது? முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்காமல் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். அவளே பேசினாள்.

"மேடம், நீ மேல காட்டுன. நா ஒண்ணு சொல்லட்டா? மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து... இத்தினியும் வந்து குந்துறதுக்கு எடம் ஓணும்ல? அந்த எடம்தான் ஆகாசம். அச்சுக்குள்ள கீது. ஒண்ணுமில்லாத எடம், ஆனா அது இல்லினா நம்ம கம்பெனியே இல்ல."

சின்ன வயதில் சிதம்பரம் போயிருக்கிறேன். ரகசியம் என்று திரையை விலக்கினார்கள். தங்க வில்வமாலை தொங்கியது, பின்னால் ஒன்றுமில்லை. இதற்கா இவ்வளவு கூட்டம் என்று அப்பாவிடம் சிணுங்கினேன். அதற்கான அர்த்தம் எனக்கு ஒரு தயிர்சாத டப்பாவுக்கு முன்னால்தான் கிடைத்தது. என்ன பொண்ணுடா இவள் என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

அந்த வாரமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் குடோன் இருக்கிறது. நான் வேறொரு ஃபவுண்டரியில் குவாலிட்டி மேனேஜர். புகை வழியை கம்ப்யூட்டரிலேயே வரைந்து பார்க்கிறோம். ஆனாலும் விஜயதசமி அன்று ஒரு கொண்டை ஊசியோடு ஒரு சுற்று சுற்றாமல் எனக்கு மனசு ஆறாது.

போன வாரம் தேவகிக்கு போன் செய்தேன். பாரிவாக்கத்தில் மகளோடு இருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "தேவகி, அன்னைக்குப் பொட்டு வெச்சது நான் மட்டும்தான். என் வேலையைக் காப்பாத்துனது நீ."

அவள் சிரித்தாள்.

"இன்னா மேடம் உளர்ற? எல்லாரும் சேந்துதான வெச்சோம்?"